ஒரு மதகும் மூன்று அலுவலகங்களும்

எங்கள் ஒழுங்கை பெரிய வீதியில் ஏறும் மூலையில் ஒரு மதகு இருக்கிறது. மட்டக்களப்பு நகரில் இப்படிப் பல மதகுகள் இருப்பதால், வெளியூரிலிருந்து வருபவர் அதைக் கவனிக்க மாட்டார். வீதிக்குக் குறுக்கே புதைக்கப்பட்ட இரண்டு கொங்கிறீட் குழாய்கள், அவற்றின் இரு முனைகளிலும் கருங்கல் கட்டு, அதன்மேல் மாலை வேளைகளில் பொடியன்மார் இருந்து இருந்து வழுவழுப்பாகிப்போன ஒரு சீமெந்துத் திட்டு, அவ்வளவுதான். ஒரு குழாயின் வாய் முக்கால்வாசிக்கு மணலால் அடைபட்டு, அந்த மணலின்மேல் புல்லும் வேர்விட்டுவிட்டது. மற்றக் குழாயால்தான் நான்கு ஒழுங்கைகளின் மழைநீர் வாவியைச் சென்றடைய வேண்டும். எதிரிலுள்ள கடைக்காரர், 2024 நவம்பர் வெள்ளம் நின்ற மட்டத்தைத் தன் கடைச் சுவரில் கரித்துண்டால் கோடிட்டு வைத்திருக்கிறார். அந்தக் கோடு என் முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கிறது.

அந்த வெள்ளம் வடிந்த பின்னர், பக்கத்து வீட்டுப் பெரியம்மா வாசலில் படிந்த சேற்றைத் தும்புத்தடியால் தள்ளிக்கொண்டே என்னிடம் கேட்டார்: “இத ஆரிட்டப் போய்ச் சொல்ற மனே?” அவருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. 1978 நவம்பர் சூறாவளியையும் 2004 சுனாமியையும் கண்டவர். வெள்ளம் வந்ததையிட்டு அவர் வியப்படையவில்லை. அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமற் போனதுதான் அவருக்குப் புதிதாக இருந்தது. விடை எனக்கும் தெரியவில்லை. அதைத் தேடிச் சென்ற அனுபவமும், அதன் வழியாக நான் விளங்கிக்கொண்டவையும்தான் இந்தப் பதிவு.

முதலில் சென்ற அலுவலகத்தில் மிகவும் மரியாதையாகவே பேசினார்கள். ஒழுங்கை தங்களுடையது என்றும், மதகு வீதியின் கீழ் இருப்பதால் வீதிக்குரிய நிறுவனத்திடமே கேட்க வேண்டும் என்றும் சொன்னார்கள். இரண்டாவது அலுவலகத்தில், வீதியின் மேற்பரப்பும் அதன் ஓரமும் தங்கள் பொறுப்பில் உள்ளனவென்றும், மதகின் வழியாக வரும் நீர் ஒழுங்கை வடிகான்களின் நீர் என்பதால் அவற்றை வைத்திருப்பவரே மண்ணை அகற்ற வேண்டும் என்றும் விளக்கினார்கள். மூன்றாவது இடத்தில், வாவியின் நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது மதகைத் துப்புரவாக்கினாலும் நீர் இறங்காது என்றார் ஓர் அதிகாரி, அதுவும் உண்மையே. நான் அந்த அலுவலகங்களின் பெயர்களை எழுதப் போவதில்லை. மூவரும் தமக்குச் சட்டம் வரைந்து கொடுத்த எல்லையைச் சரியாகவே சொன்னார்கள். அந்த மூன்று எல்லைகளும் வந்து முட்டும் இடத்தில்தான் எங்கள் மதகு இருக்கிறது.

இது ஏன் இப்படி இருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, நகரத்தின் அமைப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும். ஏ, பீ வகை வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சீ, டீ வகை வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியவை. எஞ்சிய ஒழுங்கைகளும் சிறு வீதிகளும் மாநகர சபையைச் சேர்ந்தவை. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாக வரும் ஏ4 வீதியும், திருகோணமலையிலிருந்து வரும் ஏ15 வீதியும் இந்நகரில்தான் வந்து சேர்கின்றன. ஆகவே நகரத்துக்குள் ஐந்நூறு மீற்றர் நடந்தால் இரண்டு மூன்று உரிமையாளர்களின் நிலத்தைக் கடந்துவிடுவோம். நீரோ எந்த வகை வீதியென்று பார்த்து ஓடுவதில்லை. கடலுக்கும் வாவிக்கும் இடையிலும் வாவிக்குள்ளேயும் கிடக்கும் தட்டையான மணற்பூமி இது. மேற்கே படுவான்கரையில் உன்னிச்சை, உறுகாமம், நவகிரி போன்ற குளங்கள் நிறைந்து வான் பாயும்போது வாவியின் மட்டம் உயர்கிறது; பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரம் மணலால் மூடிக் கிடந்தால் அந்த நீருக்குக் கடலில் இறங்க வழியில்லை; அப்போது நகரத்து வடிகான்கள் வாவிக்கு நீரைக் கொடுப்பதற்குப் பதிலாக வாவியின் நீரை வீடுகளுக்குள் கொண்டுவருகின்றன. முகத்துவாரத்தை எந்த நாளில் வெட்டுவது என்ற முடிவுக்கு ஒரு மேசை, குளத்தின் கதவைத் திறப்பதற்கு இன்னொரு மேசை, ஒழுங்கை வடிகானுக்கு வேறொரு மேசை. இந்த மேசைகளை ஓரிடத்தில் இழுத்துவைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி கேள்வி கேட்பதற்கு மக்கள் தெரிவுசெய்த ஒருவர் தேவைப்படுகிறார்.

பெரியம்மா அந்தக் கேள்வியைக் கேட்ட நாளில் மட்டக்களப்பு மாநகர சபையில் அப்படி ஒருவர் இருக்கவில்லை. 2018 பெப்ரவரி 10 ஆம் திகதி தெரிவான உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச் 19 ஆம் திகதியுடன் முடிந்தது. அதே மாதம் 9 ஆம் திகதி நடந்திருக்க வேண்டிய தேர்தல், திறைசேரி பணம் விடுவிக்கவில்லை, வாக்குச்சீட்டு அச்சிட நிதி இல்லை என்ற காரணங்களால் நடக்காமற் போனது. தேர்தலுக்கு ஒதுக்கப்பட்ட நிதியைத் தடுத்து வைக்கக்கூடாதென்று உயர் நீதிமன்றம் அந்த மார்ச் மாதத்திலேயே இடைக்கால உத்தரவு பிறப்பித்தும் தேர்தல் வரவில்லை. 2024 ஓகஸ்ட் 22 ஆம் திகதி, தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறுதியில் 2025 மே 6 ஆம் திகதி வாக்களித்தோம். ஜூன் 2 ஆம் திகதி புதிய சபைகளின் காலம் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளும் இரண்டரை மாதங்களும், இரண்டு மாரிகாலங்களும், தெரிவான உறுப்பினர் ஒருவரேனும் இல்லாமற் கழிந்தன.

அந்தக் காலத்தில் நகரம் நின்றுபோகவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். குப்பை வண்டி வந்தது. தெருவிளக்குகள் எரிந்தன. பொது நூலகம் திறந்திருந்தது. ஆதனவரிப் பட்டியல் வீட்டுக்கு வந்தது. சனவரி முடிவதற்குள் முழு ஆண்டுக்கும் கட்டினால் கிடைக்கும் பத்து வீதக் கழிவும் வழமைபோலக் கிடைத்தது. சபை இல்லாத காலத்தில்தான் வேலை ஒழுங்காக நடந்தது, கட்சிச் சண்டை இல்லாமல் அதிகாரிகள் நிம்மதியாகப் பணியாற்றினார்கள் என்று சொல்பவர்கள் நகரத்தில் பலர் இருக்கிறார்கள். அவர்களில் நான் மதிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வைத்தியர்களும் அடங்குவர். சபை அமர்வுகளில் கூச்சலையும் வெளிநடப்பையும் கண்டு சலித்தவர்கள் அவர்கள். அந்தச் சலிப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை, நானும் சலித்திருக்கிறேன்.

ஆனாலும் அவர்களுடைய கூற்றை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எந்த வேலை நடந்தது என்பதை மட்டும் அவர்கள் பார்க்கிறார்கள். எந்த வேலையை முதலில் செய்வதென்று யார் முடிவெடுத்தார், அந்த முடிவு எங்கே பதிவானது, அதை மறுத்துப் பேச யாருக்கு இடமிருந்தது என்பவற்றையும் பார்க்க வேண்டும். சபை இல்லாதபோது நகரத்தை நிர்வகிக்கும் ஆணையாளர் ஒருவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பது தன்னை நியமித்தவருக்கே. எங்கள் ஒழுங்கைக்கு வடிகான் போடாமல் வேறோர் ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போட்டால், அதற்கு நியாயமான காரணம் இருக்கக்கூடும். அந்தக் காரணத்தை எங்கள் முன்னால் வாய்திறந்து சொல்ல வேண்டிய கட்டாயம்தான் அவருக்கு இல்லை. எங்கள் ஊர்க் கோயில்களில் திருவிழா முடிந்ததும் கோயில் நிர்வாகியான வண்ணக்கர் கூட்டத்தைக் கூட்டி வரவு செலவை வாசிக்கும்போது, எண்ணெய்க்கும் கற்பூரத்துக்கும் செலவான தொகையைக்கூட எழுந்து நின்று கேள்வி கேட்பவர்கள் நாங்கள். கணக்கில் பிழையில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தாலும் வாசித்தே ஆக வேண்டும். வாசிக்காத கணக்கை எங்கள் பெரியவர்கள் கணக்காக ஏற்றதில்லை. கோயிலில் இவ்வளவு கண்டிப்பாக இருக்கும் ஊர், தன் வரிப்பணத்தில் இயங்கும் நகரத்தின் கணக்கைப் பற்றி ‘யாரோ நன்றாகத்தான் செய்கிறார்கள்’ என்று இருந்துவிடுவது எனக்கு வேதனை தருகிறது.

சபை இல்லாத காலம் எங்களுக்குப் பழகிப்போன ஒன்று என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். இந்த மாவட்டத்தில் 1994 இல் நடந்த உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பிறகு அடுத்த தேர்தல் 2008 மார்ச் 10 ஆம் திகதிதான் நடந்தது. இடையில் பதினான்கு ஆண்டுகள். 1994 இல் முதல்முறை வாக்களித்த ஒருவர் இரண்டாம் முறை வாக்களிக்கும்போது அவருடைய பிள்ளை பாடசாலையில் மேல் வகுப்புக்கு வந்திருக்கும். 2018 தேர்தலுக்கு முன்னரும் நகரம் மீண்டும் சில ஆண்டுகள் ஆணையாளரின் நிர்வாகத்தில் இருந்தது. 2017 இல் திருப்பெருந்துறைக் குப்பைமேடு தீப்பற்றிப் புகை சூழ்ந்தபோது, அப்பகுதி மக்கள் வீதியில் இறங்கினார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. அவர்களுக்காகச் சபையில் எழுந்து பேச ஓர் உறுப்பினர் அன்று இருக்கவில்லை என்பதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீதியில் இறங்குவதும் வழக்குத் தொடுப்பதுமே வழி என்று நாங்கள் நம்பப் பழகிவிட்டோம். இரண்டுமே மக்களுக்கு உரிய வழிகள்தாம். ஒவ்வொரு மதகுக்கும் அவற்றைச் செய்துகொண்டிருக்க முடியாது.

நான் சபை இல்லாத அந்த நாட்களில் வேறொரு வழியை முயன்றேன். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மதகு யாருடைய சொத்துப் பதிவேட்டில் உள்ளதென்று கேட்டு இரண்டு இடங்களுக்கு விண்ணப்பம் கொடுத்தேன். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இரு இடங்களிலிருந்தும் உரிய காலத்தில் கடிதம் வந்தது. இரண்டு கடிதங்களும் ஒரே மாதிரியான பழுப்பு உறையில், ஒரே வாரத்தில் வந்தன. ‘குறித்த மதகு எமது பதிவேட்டில் உள்ளடக்கப்படவில்லை’ என்ற ஒரே வசனம் இரண்டிலும் இருந்தது. அவற்றை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். சட்டம் எனக்குரிய தகவலைத் தந்துவிட்டது. அந்த இரண்டு கடிதங்களையும் ஒரே அவையில் வாசித்துக் காட்டி, அப்படியானால் இதை யார் பொறுப்பேற்பது என்று கேட்கும் இடத்தை மட்டும் அதனால் தர முடியவில்லை.

மாநகர சபை இப்போது திரும்பிவிட்டது. அதையிட்டு மகிழ்ச்சியடைபவர்களில் நானும் ஒருவன். வட்டாரத்துக்கு அறுபது வீதம், விகிதாசாரத்துக்கு நாற்பது வீதம் என்ற கலப்பு முறையில் எத்தனையோ குறைகள் இருந்தாலும், எங்கள் வட்டாரத்துக்கென்று ஒரு முகம் இருக்கிறது. அந்த முகத்தைச் சந்தையில் மறித்துப் பேச முடிகிறது. பெண்களுக்கான இருபத்தைந்து வீத ஒதுக்கீட்டால், வடிகான் நாற்றத்தையும் நுளம்பையும் நாள் முழுவதும் சகிப்பவர்களில் சிலர் சபைக்குள் வந்திருக்கிறார்கள். இது சிறிய மாற்றமன்று. ஆனால் எங்கள் மதகின் கதையில் மாநகர சபை ஒரு பக்கம் மட்டுமே. மறுபக்கத்தில் மாகாணம் இருக்கிறது. அங்கே இன்னும் கதிரைகள் வெறுமையாகக் கிடக்கின்றன.

கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30 ஆம் திகதி முடிந்தது. அதற்குப் பிறகு இதை எழுதும் நாள் வரை தேர்தல் நடக்கவில்லை. அந்த ஆண்டில் கொண்டுவந்த சட்டத் திருத்தம் தேர்தல் முறையை மாற்றியது. புதிய முறைக்குத் தொகுதி எல்லைகளை வரைந்த அறிக்கையை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றம் நிராகரித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்ற நிலையில் விடயம் கிடக்கிறது. 1987 நவம்பரில், மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் வந்ததிலிருந்து கணக்கிட்டுப் பாருங்கள். இணைந்த வடக்கு கிழக்குக்கு 1988 இல் தெரிவான சபை 1990 இல் கலைக்கப்பட்டது. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பைச் செல்லாதென்றது. 2007 முதல் கிழக்கு தனி மாகாணமாயிற்று. 2008 மே 10 ஆம் திகதியும் 2012 செப்டெம்பர் 8 ஆம் திகதியும் தேர்தல்கள் நடந்தன. எல்லாவற்றையும் கூட்டினால், இத்தனை ஆண்டுகளில் கிழக்கு மக்களுக்குத் தெரிவான மாகாண சபை இருந்த காலம் பதினொரு ஆண்டுகள்கூட இல்லை. மிகுதிக் காலம் முழுவதும், சனாதிபதி நியமித்த ஆளுநர்களின் கையில்தான் மாகாணம் இருந்தது.

உள்ளூராட்சி மன்றங்களின் நிர்வாகத்தை மேற்பார்வை செய்வது, அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையின்படி மாகாணத்துக்குரிய விடயம். மாகாண வீதிகளும், பெரும்பாலான பாடசாலைகளும், கிராமத்து வைத்தியசாலைகளும் அங்கேதான் இருக்கின்றன. சபை இல்லாவிட்டால் மாகாணத்துக்கான சட்டமாகிய நியதிச்சட்டம் ஒன்றைப் புதிதாக ஆக்க முடியாது. மாகாணத்தின் வரவு செலவை விவாதிக்க அவையில்லை. மட்டக்களப்பிலிருந்து தெரிவாக வேண்டிய பதினொரு பேரும், அம்பாறையின் பதினான்கு பேரும், திருகோணமலையின் பத்துப் பேரும் இல்லை. திருகோணமலையில் கட்டடம் இருக்கிறது, அமைச்சுகளும் செயலாளர்களும் இருக்கிறார்கள், கோப்புகள் நகர்கின்றன. 2023 இல் எங்கள் நகரத்துக்கு நேர்ந்தது எட்டு ஆண்டுகளுக்கு மேலாக முழு மாகாணத்துக்கும் நேர்ந்திருக்கிறது. முன்னதற்கு நீதிமன்றம் வரை சென்ற நாடு, பின்னதைப் பற்றி இவ்வளவு அமைதியாக இருப்பதை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

இந்த அமைதியில் எங்கள் பங்கும் உண்டு. தமிழ்க் கட்சிகள் மாகாண சபையைப் பேசும்போது இனப்பிரச்சினைத் தீர்வின் அளவுகோலாக மட்டுமே பேசுகின்றன: போதுமா போதாதா, காணி அதிகாரம், பொலிஸ் அதிகாரம். அந்தக் கேள்விகள் உண்மையானவை. அவற்றை விட்டுக்கொடுக்கும்படி நான் கேட்கவில்லை. ஆனால் ‘போதாத ஒன்று’ என்று முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிச் சொல்லி, அது இல்லாமற் போனதை இழப்பாக உணரும் பழக்கத்தையே மக்கள் மறந்துவிட்டார்கள். மேடைகளில் 13 ஆவது திருத்தம் என்று கேட்ட பெரியம்மாவுக்கு, அந்தத் திருத்தத்துக்கும் தன் வாசலில் நின்ற நீருக்கும் தொடர்பு இருக்கிறதென்று எவரும் சொன்னதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2012 தேர்தலில், இரண்டு போனஸ் ஆசனங்களையும் சேர்த்து முப்பத்தேழு ஆசனங்களில் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 14, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 11, முஸ்லிம் காங்கிரஸ் 7, ஐக்கிய தேசியக் கட்சி 4, தேசிய சுதந்திர முன்னணி 1 என்று முடிவு வந்தது. எவருக்கும் தனித்து ஆள முடியவில்லை. 2015 இல் முஸ்லிம் காங்கிரஸைச் சேர்ந்த நசீர் அகமட் முதலமைச்சராக இருக்க, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு கல்வி, விவசாய அமைச்சுகளை ஏற்றது. அந்த ஏற்பாடு முரண்பாடுகள் நிறைந்தது. இரு பக்கத்திலும் மனக்கசப்பு இருந்தது. ஆயினும் முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் காத்தான்குடியையும் ஆரையம்பதியையும், கல்முனையையும் பாண்டிருப்பையும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவதற்கு ஓர் அவை இருந்தது. அந்த அவை மூடப்பட்ட பிறகு, எல்லைத் தகராறும் நிர்வாகத் தகராறும் ஒன்றில் வீதிக்கு வருகின்றன, அல்லது கொழும்பில் அமைச்சர் ஒருவரின் அறைக்குப் போகின்றன. மூன்று சமூகங்கள் அடுத்தடுத்து வாழும் மாகாணத்துக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

புதிய மாநகர சபையின் அமர்வு ஒன்றுக்குப் பார்வையாளராகச் சென்றிருந்தேன். அமர்வைப் பொதுமக்கள் இருந்து பார்க்கலாம் என்பது தெரிந்தும் அதுவரை நான் போனதில்லை. பார்வையாளர் பகுதியில் என்னோடு சேர்த்து நான்கு பேர் இருந்தோம். நிகழ்ச்சி நிரல் நீண்டது. பாதி நேரம் தெருவிளக்குகளைப் பற்றியே போனது. பிறகு எங்கள் வட்டார உறுப்பினர் எழுந்து, நான் கொடுத்திருந்த இரண்டு கடிதங்களின் பிரதிகளையும் கையில் பிடித்துக்கொண்டு, மதகின் இடத்தைச் சொல்லி, இரண்டு வசனங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தார். அவையில் ஒரு சிறு சலசலப்பு எழுந்தது. தலைமையிலிருந்து பதில் வந்தது: சபைக்குரிய வடிகான் பகுதியை மாரிக்கு முன் துப்புரவு செய்வது, வீதியின் கீழுள்ள குழாய்களைப் பற்றி உரிய நிறுவனங்களுக்கு எழுதுவது. கூட்டறிக்கையில் அது பதிவானது.

வீட்டுக்கு வந்து பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் இரண்டு கடிதங்களையும் வாங்கிப் பார்த்தார். கண்ணாடி இல்லாததால் வாசிக்க முடியவில்லை. “அப்ப மற்றப் பாதி?” என்று கேட்டார். ஐப்பசிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒழுங்கைப் பொடியன்மாரும் கடைக்காரரும் நானும் மண்வெட்டிகளோடு இறங்கி, அடைபட்டிருந்த குழாயின் வாயிலிருந்து கை எட்டிய தூரம் வரை மணலை அள்ளினோம். வீதியின் கீழே நடுப்பகுதிக்கு எங்கள் மண்வெட்டி எட்டவில்லை.